தவளையின் இடது பக்கம்

எதிரே யாராவது வந்து உட்கார்ந்தால் அவர் வலது கையை லேசாக உயர்த்துவார். முழங்கை மேசையை விட்டு எழாது. உள்ளங்கையைத் தடுப்பு போல நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வந்தவரின் முகத்தில் சரிபாதியை மறைப்பார். மூக்கின் நடுவில் கையின் ஓரம் வந்து நிற்கும். மீதிப் பாதியைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். கண்ணில் வெளிச்சம் அடிக்கிறதாக்கும் என்று வந்தவர் நினைத்துக்கொள்வார். அவரோ மறைத்த பாதியை மனதுக்குள் கட்டிக்கொண்டிருப்பார். கையை எடுத்த பிறகு, மனதில் கட்டியதும் நிஜத்தில் இருப்பதும் ஒத்துப்போனால், அவருக்கு மட்டும் தெரிகிற அளவுக்குத் தலையை ஆட்டிக்கொள்வார்.

கல்யாணமான புதிதில் மனைவி வெட்கப்பட்டாள். பிறகு பழகிப்போனது. அதன்பின் எரிச்சல் வந்தது.

"என்னப் பாதியாக்கிப் பாக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது. நான் முழுசாத்தான் கழுத்த நீட்டினேன்."

"தொழில் பழக்கம்" என்பார் அவர், கையை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டு.

தொழில் பல் கட்டுவது. பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து, இல்லாத பல்லைச் செய்து கொடுக்கிற லேப். மாடியில் நீளமான ஓர் அறை, ஜன்னலை ஒட்டி மூன்று கணினிகள், மூலையில் பொடி பறக்கும் எந்திரம். வாயின் வலது பக்கம் ஒரு பல் போயிருந்தால் இடது பக்கம் அதே இடத்தில் இருக்கும் பல்லை எடுத்து, திரையில் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி, காலி இடத்தில் வைத்துவிடலாம். லேபில் இதற்குப் 'புரட்டிப் போடுவது' என்று பெயர். அவர் கை பட்டால் புரட்டிப் போட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் லேபுக்கு எந்த மருத்துவரும் வருவதில்லை, எந்த நோயாளியும் வருவதில்லை. ஊரில் எத்தனையோ பேர் அவர் செய்த பல்லால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அவரைத் தெரிந்தவர்கள் வேறு ஓரிடத்தில் இருந்தார்கள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் திருகாணி போட்டு இறுக்கிய ஒரு ஸ்டியரிங், மேசைக்கு அடியில் மூன்று மிதிகள், காதில் ஒரு ஹெட்போன். கணினியில் கார் பந்தயம். 'கேம்' என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கும். 'சிமுலேட்டர்' என்று திருத்துவார். நிஜ வண்டி எப்படி வழுக்குமோ அப்படி வழுக்க வேண்டும், எப்படித் திமிறுமோ அப்படித் திமிற வேண்டும். அதில் வருகிற வண்டிகள் போதாதென்று ஓட்டுகிறவர்களே கூட்டாகச் சேர்ந்து புதிய வண்டிகளைச் செய்து சேர்ப்பதுண்டு. அதற்கு 'மாட்' என்று பெயர். உடலைச் செய்கிறவர் ஒருவர், ஓட்டத்தைக் கணக்குப் போடுகிறவர் ஒருவர், சத்தம் பதிவு செய்கிறவர் ஒருவர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. யாருக்கும் யாருடைய உண்மைப் பெயரும் தெரியாது. அங்கே அவர் பெயர் 'பல்லு'.

"சோறு போடணும், வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்பாள் மனைவி.

"ஒரு வளைவு பாக்கி."

"உங்களுக்கு எப்பவும் ஒரு வளைவு பாக்கி."

ஹெட்போனின் அந்தப் பக்கம் இருப்பவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். அவர்தான் எடைமேடைக்காரர். ஏதோ ஊரில், ஏதோ சாலையோரத்தில், லாரிகள் ஏறி நிற்கிற எடைமேடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிற வேலை. லாரி வராத நேரமெல்லாம் வண்டிகளின் ஓட்டக் கணக்கு. எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பாரம், எந்த வேகத்தில் எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பல்லுக்கு அவர் அண்ணன் மாதிரி. அண்ணன்தானா, வயது குறைந்தவரா என்றுகூடத் தெரியாது. குரல் அண்ணன் குரல்.

"என்ன பல்லு, இன்னிக்கி எத்தன பேரு வாயில கை வெச்ச?"

"வாயில எங்கண்ணே, எல்லாம் மாவு அச்சுலதான்."

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் இந்தப் பேச்சு இல்லாத நாளில் பல்லுக்காரருக்குச் சாப்பாடு இறங்காது.

'தவளை' என்ற வண்டியைச் செய்யலாம் என்று சொன்னது கொடிக்காரர். அந்தக் கூட்டத்தில் ஆள் திரட்டுவதும் அறிவிப்பு எழுதுவதும் அவர் வேலை. தவளை ஒரு பழைய சின்னக் கார். துருத்திய இரண்டு விளக்குகளால் வந்த செல்லப் பெயர். செய்த கம்பெனி அற்பாயுளில் போய்ச் சேர்ந்துவிட்டது. வரைபடம் எதுவும் கிடையாது. ஆனால் சிறிய பந்தயங்களில் பெரிய வண்டிகளை அது வளைவில் முந்திய சில பழைய வீடியோக்கள் இருந்தன. அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அதை ஓட்டிப்பார்க்க ஆசை. அளவெடுக்கிற ஸ்கேனர் வாடகைக்கு, சத்தம் பதிவு செய்கிற செலவுக்கு என்று கொடிக்காரர் பொதுவில் கையேந்தினார். 'மில்லிமீட்டர் பிசகாமல், முழு வண்டியும், நிஜ வண்டியிலிருந்தே அளந்து' என்று கொட்டை எழுத்தில் போட்டார். பணம் போடுகிறவர்களின் பெயர் வண்டியின் பானட்டுக்கு உள்பக்கம் பொடி எழுத்தில் வரும் என்றும் சொன்னார். எங்கெங்கிருந்தோ போட்டார்கள்.

நிஜ வண்டி ஒன்று பல்லுக்காரரின் ஊரிலேயே இருந்தது. அதனால் அளவெடுக்கப் போகும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

வண்டி ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கக் கொட்டகையில் நின்றது. கடையை நடத்துகிற அம்மாளின் கணவர் ஓட்டிய வண்டி. அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. மேலே பேப்பர் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். அம்மாள் கட்டுகளை இறக்க உதவினார்.

"இத எடுத்து என்ன பண்ணப் போறீங்க?"

"கம்ப்யூட்டர்ல அப்படியே செய்யப் போறோம்மா. யார் வேணா ஓட்டலாம். இந்த வண்டி துருப்பிடிச்சுப் போனாலும் அது இருக்கும்."

"அப்படியேன்னா?"

"அப்படியே. முழுசா."

அந்த அம்மாள் பானட்டின் மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தார். பிறகு வாடகை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வண்டி இடது பக்கமாகச் சுவரை ஒட்டி நின்றது. இடையில் கைகூட நுழையாது. கியர் இறுகிப்போய் உருளவும் உருளாது. வலது பக்கம், முன்னால், பின்னால், மேலே என்று ஸ்கேனரை மெல்ல நகர்த்தி எடுத்து முடித்தார். வலது கதவின் கீழ்ப்பகுதியில் இருந்த ஒரு நசுங்கலைக்கூட விடவில்லை. நிஜ வண்டி என்றால் நிஜ நசுங்கல்.

"அந்தப் பக்கம்?" என்றார் அம்மாள். "பக்கத்து டயர் கடையில நாலு பேர் சும்மாத்தான் நிக்கிறாங்க. சொன்னா தூக்கி இந்தாண்ட வெச்சிருவாங்க."

டயர் கடையை வரும்போதே பார்த்திருந்தார். நாலு பேரும் உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் நிற்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், கேமா என்று கேட்பார்கள், இல்லை சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும், தூக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். நினைக்கும்போதே அவருக்குக் காது சூடானது.

"வேணாம்மா. இந்தப் பக்கம் எடுத்தா அந்தப் பக்கமும் வந்துரும்."

"அதெப்படி வரும்?"

"புரட்டிப் போட்டா வந்துரும்மா."

"கம்ப்யூட்டர்ல எல்லாம் வருது" என்று அம்மாள் கட்டுகளை மறுபடி மேலே ஏற்றத் தொடங்கினார்.

அவர் பொய் சொல்லவில்லை. வேலையைக் குறைக்கவும் பார்க்கவில்லை. சுவரோரமாக நின்று, கையை உயர்த்தி, வண்டியின் பாதியை மறைத்து, மீதியைக் கட்டிப் பார்த்தார். கட்ட முடிந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

தவளை வெளியானபோது கூட்டம் கொண்டாடியது. விளக்குகளின் துருத்தலைப் பார்த்துப் பலர் அழுகிற பொம்மைப் படம் போட்டார்கள். பல்லுக்காரர் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் படித்தார். மனைவியிடம்கூட ஒன்றைக் காட்டினார்.

"யாரோ 'மகா கலைஞன்'னு போட்டிருக்காங்க."

"யாரையாம்?"

"என்னத்தான்."

அவள் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேலி செய்ய வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே போனாள்.

பிறகுதான் ஓட்டம் பற்றிய புகார்கள் வந்தன. பழைய வீடியோவில் தவளை இடது வளைவில் தானாக மடங்கிப் போகும். வலது வளைவில் முரண்டு பிடிக்கும். இந்தத் தவளை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போனது. எடைமேடைக்காரர் கணக்கைக் கலைத்துக் கலைத்துப் போட்டார்.

"இடத சரி பண்ணா வலது கெடுது பல்லு. வலத புடிச்சா இடது நழுவுது. தவள ரொம்பத்தான் தண்ணி காட்டுது."

பணம் போட்டவர்கள் பொறுமை இழந்தார்கள். உடல் ஸ்கேனரில் அளந்தது. மில்லிமீட்டர் பிசகாது என்று எழுதியே இருக்கிறது. ஆக, கோளாறு கணக்கில்தான். எடை போடத் தெரியாதவன் எடைமேடையில் என்ன செய்கிறான் என்று ஒருவர் எழுத, அது நகைச்சுவையாகி எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். 'தராசுத் திருடன்' என்று பட்டம் வைத்தார்கள். எடைமேடைக்காரர் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. பல்லுக்காரர் அவருக்காகப் பரிந்து நாலு வரி எழுதுவார். எழுதியதை அனுப்பாமல் அழிப்பார். ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் வாய் திறப்பதென்றால் அவருக்கு டயர் கடைதான்.

கடைசியில் கொடிக்காரர் எடைமேடைக்காரரை ஒதுங்கியிருக்கச் சொன்னார். அன்று எடைமேடைக்காரரே பல்லுக்காரரை அழைத்தார். பின்னால் லாரி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"பல்லு, அந்த வண்டிய நேர்ல பாத்தவன் நீ ஒருத்தன்தான். நல்லா யோசிச்சுச் சொல்லு. ஏதாவது விட்டுப்போச்சா?"

பல்லுக்காரர் நல்லாத்தான் யோசித்தார். நசுங்கல் உட்பட எல்லாம் இருந்தது.

"இல்லண்ணே. எதுவும் விடல."

லாரி உறுமல் நின்றது. அண்ணன் சிரித்த மாதிரி இருந்தது.

"சரி விடு. சாப்ட்டியா?"

"இனிமேத்தான்."

"சாப்டு. அவங்கள ரொம்ப நேரம் காக்க வெக்காத."

அதன் பிறகு அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியவில்லை. கொஞ்ச நாளில் பெயரே இல்லாமல் போனது. பானட்டுக்கு உள்பக்கம், வண்டியைச் செய்தவர்கள் பெயர் வருகிற முதல் வரியில் இருந்த 'எடைமேடை' என்ற சொல்லையும் அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொல்லி வேலை பல்லுக்காரருக்குத்தான் வந்தது. உடல் அவர் பொறுப்பாயிற்றே. எடுத்தார்.

மாதங்கள் கழித்து லேபுக்கு ஒரு பல் திரும்பி வந்தது. அவர் புரட்டிப் போட்டுச் செய்த பல். மாட்டினால் வாய் மூடவில்லை. நோயாளிக்குத் தலைவலி என்று மருத்துவர் எழுதியிருந்தார். லேப் முதலாளி அதை அவர் மேசையில் வைத்தார்.

"எல்லா வாயும் கண்ணாடி இல்லப்பா. இந்த ஆளு ஒரே பக்கமா மெல்றவரு போல. ஒரு பக்கம் தேஞ்சிருக்கு. எதிர்த் தாடைக்கும் அச்சு வந்திருந்துதே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தார். பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தவளையின் சுவர்ப் பக்கம் நினைவுக்கு வந்தது. முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கினார்.

ஜெராக்ஸ் கடையில் கூட்டம். அம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"வாங்க வாங்க. கம்ப்யூட்டர்ல வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா. அந்த வண்டிய இன்னொரு தடவ பாக்கணும். சுவர்ப் பக்கம். டயர் கடைக்காரங்ககிட்ட நானே கேக்குறேன்."

"வண்டி எங்க இருக்கு? பழைய இரும்புக்குக் குடுத்தாச்சே."

அவர் நின்றார்.

"நீங்கதான் முழுசா எடுத்துக்கிட்டீங்களே. துருப்பிடிச்சாலும் அது இருக்கும்னீங்க. அதான் மனசத் தேத்திக்கிட்டுக் குடுத்துட்டேன். பேப்பர் வெக்க எடமில்ல. இத்தன வருஷமா அதுக்குத்தான் மனசு வரல."

கொட்டகையில் வண்டி நின்ற இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. சிமெண்ட் தரையில் நாலு கறுப்புத் தடங்கள். ஆண்டுக்கணக்கில் காற்றில்லாமல் நின்ற நாலு டயர்கள் தரையைத் தின்ற இடம். அவர் மண்டியிட்டார். டேப்பை விரித்து வலது பக்கம் முன் தடத்திலிருந்து பின் தடம் வரை அளந்தார். பிறகு இடது பக்கம். பிறகு மறுபடி வலது. மறுபடி இடது. இரண்டு விரல் அகலம் வித்தியாசம். தவளையின் பின்சக்கரங்கள் நேருக்கு நேராக இல்லை. இடது சக்கரம் கொஞ்சம் முன்னால் இருந்திருக்கிறது. பிசகில்லை, செய்தபோதே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் அது ஒரு பக்கம் மடங்கி ஒரு பக்கம் முரண்டு பிடித்தது.

அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"எங்க, காட்டுங்க பாப்போம்."

செல்போனில் காட்டினார். அம்மாள் விரலால் வண்டியைத் திருப்பினார். விளக்குகளைப் பார்த்துச் சிரித்தார். மெல்லத் திருப்பி இடது பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காரும் வண்டி. இடது, அம்மாள் உட்கார்ந்த பக்கம்.

"இது என் கதவு இல்லையே."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"கைப்பிடி ஒடஞ்சு போச்சுன்னு எங்க வீட்டுக்காரர் பீரோ கைப்பிடி ஒண்ண மாட்டி விட்டாரு. பித்தள. பந்தயத்துக்குப் போற வண்டியில பீரோ கைப்பிடியான்னு அத்தன பேரும் சிரிச்சாங்க. எனக்குத் தொறக்க சுளுவா இருக்கும்னு வெச்சாரு." இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். "காணோமே."

"அம்மா, அந்தப் பக்கம் நான்..."

கடையில் யாரோ மணியடித்தார்கள். அம்மாள் செல்போனை அவர் கையில் வைத்தார்.

"பரவால்ல விடுங்க. பாதியாவது இருக்கே" என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனார்.

திட்டியிருந்தால் நிமிர்ந்து நடந்திருப்பார். அன்று அவர் நடந்தே வீடு போனார். வீட்டில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, இடது பின்சக்கரத்தை இரண்டு விரல் முன்னால் தள்ளி வைத்தார். எடைமேடைக்காரரின் முதல் கணக்கை ஒரு எண்ணும் மாற்றாமல் போட்டு ஓட்டினார். இடது வளைவில் தவளை தானாக மடங்கியது. வலது வளைவில் முரண்டு பிடித்தது. வீடியோவில் எப்படியோ அப்படியே. கணக்கில் ஒரு குற்றமும் இருந்ததில்லை. திரையில் வண்டியை வெளியிலிருந்து பார்த்தால் மட்டும் சக்கரம் தன் மேலிருந்த தகட்டு வளைவுக்குள் அடங்காமல், தகட்டை இடித்துக்கொண்டு, புரட்டிப் போட்ட உடம்பைக் காட்டிக்கொடுத்தபடி நின்றது.

"சோறு போடவா?" என்றாள் மனைவி.

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அதில் ஒரு சத்தமும் இல்லை. அவள் அருகில் வந்து பார்த்தாள். பிறகு தட்டை ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் அவர் முதன்முறையாக எழுதினார். இடது பக்கத்தை அளக்கவில்லை, தவறு என்னுடையது, எடைமேடைக்காரர் கணக்கு சரி. எழுதியதை அழிக்காமல் அனுப்பினார். யாரும் வையவில்லை. கொடிக்காரரைத் தவிர யாரும் படித்ததாகவும் தெரியவில்லை. கூட்டம் வேறொரு வண்டிக்குக் கையேந்தத் தொடங்கியிருந்தது. "இப்ப எதுக்குங்க பழசெல்லாம்" என்று கொடிக்காரர் ஒரு வரி போட்டார்.

லேபுக்குப் போகிற வழியில் ஓர் எடைமேடை இருக்கிறது. முன்பெல்லாம் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது பேருந்து அதைத் தாண்டும்போதெல்லாம் எழுந்து நின்று கண்ணாடிக் கூண்டைப் பார்க்கிறார். உள்ளே எப்போதும் யாரோ ஓர் ஆள் இருக்கிறார். முகம் தெரியாது. உலகத்தில் எத்தனை எடைமேடை. முகம் தெரிந்தாலும் அவருக்கு அடையாளம் தெரியாது. குரல்தான் தெரியும், அதையும் பேருந்திலிருந்து கேட்க முடியாது. கையை உயர்த்திப் பாதியை மறைக்கிற பழக்கம் தானாக விட்டுப்போனது. மனைவி கவனித்தாள். ஒரு நாள் எதிரே உட்கார்ந்து, "வேணும்னா பாத்துக்குங்க" என்று முகத்தை நீட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, வேறு ஏதோ வேலையாகக் கொடிக்காரர் பேசியபோது போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார்.

"நீங்க அளக்கலன்னு அந்த எடைமேடை ஆளுக்கு அப்பவே தெரியும்ங்க. திட்டு ஆரம்பிச்ச மறுநாளே என்கிட்ட சொன்னாரு. கதவுல ஒரு நசுங்கல் வெச்சீங்கல்ல, அது ரெண்டு கதவுலயும் ஒரே எடத்துல இருக்காம். சக்கரத்த ரெண்டு விரல் தள்ளினா ஓட்டம் சரியாப் போகுதுன்னும் கண்டுபுடிச்சிட்டாரு. தள்ளினா வெளிய தெரிஞ்சிரும், அதனால வேணாம், திட்டு தன்மேலயே இருக்கட்டும்னுட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். சொன்னா பல்லு ஒத்துக்குவாரு, அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டாரு, அவருக்குப் பேச வேற ஆளு இல்லன்னாரு."